பாதையை நினைவில் வைத்திருப்பது யார்?
மொன்றியலில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஏடிஎம் வலையமைப்பில் ரூட்டர் இடைமுகத்தின் மேல் மெய்நிகர் சுற்றுகளை அமைப்பது. ஏடிஎம் என்றதும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போக வேண்டாம். இந்தப் பேச்சு பணம் தரும் இயந்திரத்தைப் பற்றியது அல்ல. இதே நகரில் தலைமையகம் வைத்திருக்கும் அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பில் அந்த மூன்று எழுத்துகளுக்கு வான்வழிப் போக்குவரத்து மேலாண்மை என்று பொருள், அதுவும் அல்ல. தகவலை 53 பைட் நீளமுள்ள செல்களாக நறுக்கி, முன்கூட்டியே குறித்துவைத்த பாதையில் ஓடவிடும் தொலைத்தொடர்பு முறை ஒன்று உண்டு; அதைத்தான் சொல்கிறேன். உலகத்தின் எல்லாக் குரலும், எல்லாப் படமும், எல்லாத் தரவும் இனி இதன் மேல்தான் ஓடும் என்று 1990களில் தொலைபேசி நிறுவனங்கள் நம்பின. ஓடவில்லை. ஏன் ஓடவில்லை? சிலர் செல்லைக் குறை சொல்வார்கள், சிலர் விலையைக் குறை சொல்வார்கள். நான் வேறோர் இடத்தைச் சுட்டப் போகிறேன். மெய்நிகர் சுற்று ஒன்று இருக்க வேண்டுமானால், அதன் இரு முனைகளிலும், இடையில் உள்ள ஒவ்வொரு கருவியிலும், அது யாருடைய நினைவிலாவது இருந்தாக வேண்டும். அந்த நினைவைப் பேணும் வேலை யாருடையது என்று தெளிவாக இருந்த இடங்களில் ஏடிஎம் நன்றாகவே வாழ்ந்தது. தெளிவில்லாத இடங்களில் மாண்டது. இதுதான் என் வாதம். மற்றதெல்லாம் அதற்கான சான்று.

கேள்வி பழையது, மொன்றியலுக்கு அது அந்நியமும் அல்ல. பெல் கனடா நிறுவனம் 1880இல் இந்நகரில் பிறந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்வதற்காக நோர்தர்ன் எலெக்ட்ரிக் 1895இல் இதே நகரில் எழுந்தது. பின்னாளில் நோர்ட்டெல் என்று பெயர் மாறி, உலகெங்கும் கிளைபரப்பி, 2009 ஜனவரியில் கடன்காரரிடமிருந்து காப்புக் கேட்டு நீதிமன்றப் படியேறியது அந்த நிறுவனம்தான். இவ்விரண்டின் கூட்டுப் பிள்ளை பெல்-நோர்தர்ன் ஆய்வகம். அந்த ஆய்வகத்தின் உழைப்பில் பிறந்த டேட்டாபாக் என்ற பொதுத் தரவு வலையமைப்பு 1976இல் திறக்கப்பட்டது. எக்ஸ்.25 என்ற தரம் உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்டதும் அதே ஆண்டில்தான். அந்தத் தரத்தின் நடுநாயகமே மெய்நிகர் சுற்று. அதாவது, பேசத் தொடங்குமுன் பாதையைக் கேள்; பாதை கிடைத்ததும் அதற்கு ஓர் எண் வாங்கிக்கொள்; பிறகு முழு முகவரியைச் சுமக்காமல் அந்த எண்ணை மட்டும் எழுதி அனுப்பு. அக்காலத்தில் எல்லோரும் இதற்குத் தலையாட்டிவிடவில்லை. பிரான்சில் லூயி பூசான் தம்முடைய சிக்லாத் வலையமைப்பில் நேர் எதிரான வழியைக் கட்டிக் காட்டினார்: ஒவ்வொரு பொதியும் தன் முழு முகவரியைத் தானே சுமக்கட்டும், நடுவிலுள்ள கருவி எதையும் நினைவில் வைக்க வேண்டாம், பொதி தொலைந்தால் அனுப்பியவரே மறுபடி அனுப்பட்டும். அதே பிரான்சில் ரெமி தெப்ரே சுற்றுகளின் பக்கம் நின்றார். அவர் வழியில் எழுந்த டிரான்ஸ்பாக் 1978இல் சேவைக்கு வந்தது. தொலைபேசி நிறுவனங்கள் சுற்றைப் பிடித்துக்கொண்டன, இணையத்தைக் கட்டியவர்கள் பூசானின் யோசனையைப் பிடித்துக்கொண்டார்கள். டேட்டாபாக் 2009 இறுதியில் மூடப்பட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள் ஓடிய ஒன்றைத் தோல்வி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வென்றது எது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

இந்தப் பின்னணியில்தான் ஏடிஎம் வருகிறது. எக்ஸ்.25 கொடுத்த அதே சுற்று. ஆனால் குரலுக்கும் ஏற்ற வேகத்தில். குரலுக்கு ஏற்றது என்பதை வெறும் அலங்காரச் சொல்லாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 53 என்ற அந்த விசித்திர எண்ணே குரலிலிருந்துதான் பிறந்தது. விநாடிக்கு 64,000 பிட் வேகத்தில் வரும் தொலைபேசிக் குரல் 32 பைட்டை நிரப்ப 4 மில்லிவிநாடி ஆகும். 64 பைட்டை நிரப்ப 8 மில்லிவிநாடி. சிறிய நாடுகளைக் கொண்ட ஐரோப்பா, குறிப்பாகப் பிரான்ஸ், 32 போதும் என்றது. தாமதம் குறைந்தால் எதிரொலியை அடக்கும் கருவிகளை நாட்டுக்குள் வாங்காமல் தப்பிக்கலாம். பரந்த நிலமுள்ள அமெரிக்காவுக்கு அந்தக் கருவிகள் எப்படியும் தேவை; ஆகவே தரவுக்கு வசதியான 64 வேண்டும் என்றது. நடுவில் வெட்டி 48 என்றார்கள். தலைப்புக்கு 5 சேர்த்து 53. யாருக்கும் முழுதாகப் பிடிக்காத எண். குழு கூடி எடுத்த முடிவு அப்படித்தான் இருக்கும்!

இனி ரூட்டருக்கு முன்னால் போய் நிற்போம். 155.52 மெகாபிட் வேகமுள்ள ஓசி-3 கண்ணாடி இழையை ஏடிஎம் அட்டையில் பொருத்திவிட்டோம். விளக்குப் பச்சையாகிறது. ஏதாவது போகுமா? ஒரு பைட்டும் போகாது. ஈதர்நெட்டாக இருந்தால் கம்பியைச் செருகிய கணமே யாரோ ஒருவர் கூப்பிட யாரோ ஒருவர் பதில் சொல்லியிருப்பார். ஏடிஎம்மில் இழை இணைந்ததற்கும் பாதை பிறந்ததற்கும் இடையே பல முடிவுகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் எடுத்தாக வேண்டும். முதலாவது முடிவு எண். விபிஐ, விசிஐ என்று இரண்டு எண்கள். பயனர் பக்கத்தில் முதலாவதற்கு 8 பிட், இரண்டாவதற்கு 16 பிட். ஆகவே 256 பாதைக் கட்டுகள், ஒவ்வொரு கட்டிலும் 65,536 சுற்றுகள் என்பது ஏட்டளவிலான உச்சம். அவற்றில் விசிஐ 0 முதல் 31 வரை வலையமைப்பின் சொந்தக் காரியங்களுக்கு ஒதுக்கப்பட்டவை. சுற்றைக் கேட்டு வாங்கும் சைகைகள் 0/5இல் ஓடும். ரூட்டரும், அதன் செல்களை வாங்கி அடுத்த கட்டத்துக்குத் தள்ளும் ஸ்விட்சும் தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்வது 0/16இல் நடக்கும். நமக்குரியது 32இலிருந்து தொடங்குகிறது. சரி, 0/100 என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். இந்த 100 யாருக்கு அர்த்தமுள்ளது? கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோமே, அந்த டோக்கனிலுள்ள எண் அந்தக் கடைக்காரருக்கு மட்டும்தான் பொருள்படும். அடுத்த கோயிலில் அதை நீட்டினால் வேறொருவர் செருப்பு வரும். விசிஐயும் அப்படியே. நம் ரூட்டருக்கும் முதல் ஸ்விட்சுக்கும் இடையில் மட்டும் அது 100. ஸ்விட்சின் அட்டவணையில், மூன்றாம் போர்ட்டில் 0/100 ஆக நுழைவது ஏழாம் போர்ட்டில் 0/212 ஆக வெளியேறட்டும் என்று ஒருவர் எழுதியிருக்க வேண்டும். அடுத்த ஸ்விட்சில் இன்னொரு வரி, அதற்கடுத்ததில் இன்னொரு வரி. ஒருவர் ஒரு வரியில் ஓர் எண்ணைத் தவறாகத் தட்டினால், செல் பிழைச் செய்திகூடச் சொல்லாமல் மறைந்துவிடும். அல்லது இன்னொருவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

எண் முடிந்ததா? அடுத்தது, அந்தச் சுற்றை ரூட்டர் எப்படிப் பார்க்க வேண்டும் என்ற முடிவு. ஓர் இடைமுகத்தைப் பல துணை இடைமுகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றையும் தனித்தனிக் கம்பிபோல நடத்தலாம். அல்லது பல சுற்றுகளை ஒரே துணை இடைமுகத்தில் கூட்டி, எல்லோரும் ஒரே பாத்தியில் இருப்பதாகப் பாவிக்கலாம். முதல் வழியில் சுற்றுக்கு ஓர் ஐபி வலைத்துண்டு செலவாகும். இரண்டாம் வழியில் எந்த முகவரி எந்தச் சுற்றில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், அல்லது ரூட்டர்களே ஒன்றையொன்று கேட்டறியும் தலைகீழ் முகவரித் தேடலை நம்ப வேண்டும். இதற்கு மேல், ஏடிஎம்மில் ‘எல்லோருக்கும்’ என்று கூவுவதற்கு வழியே இல்லை. பாதைகளை அறிவிக்கும் நெறிமுறைகள் கூவித்தான் பழக்கப்பட்டவை. எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கத்தில், கூவும் பொதிகளின் ஒரு பிரதியை இதிலும் அனுப்பு என்று எழுதிவைக்க வேண்டும். எழுத மறந்தால்? முனையிலிருந்து முனைக்கு பிங் என்ற சோதனைப் பொதி போகும். பாதை அறிவிப்பு மட்டும் வராது. மூன்றாவது முடிவு பொதியைச் சுற்றும் உறை. 1993 ஜூலையில் வந்த ஆர்எஃப்சி 1483 என்ற இணையத் தர ஆவணம் இரண்டு வழிகளைக் கொடுத்தது. ஒன்றில், உள்ளே இருப்பது ஐபியா வேறொன்றா என்று சொல்லும் 8 பைட் முன்சீட்டு ஒவ்வொரு பொதியிலும் ஒட்டப்படும். மற்றதில், இந்தச் சுற்றில் ஐபி மட்டும்தான் என்று இரு முனைகளும் முன்பே பேசிவைத்துக்கொண்டு சீட்டைத் தவிர்த்துவிடும். எட்டு பைட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்காதீர்கள். தரவு வந்து சேர்ந்தது என்று சொல்லும் சிறிய பதில் பொதி 40 பைட். ஏஏஎல்5 என்ற அடுக்கு அதன் வாலில் 8 பைட் சேர்க்கும். கூட்டினால் 48, கச்சிதமாக ஒரு செல். முன்சீட்டின் 8 பைட்டும் சேர்ந்தால் 56. ஒரு செல்லில் அடங்காது, இரண்டு செல், 106 பைட். ஒரு முனையில் ஒருவகை உறை, மறுமுனையில் மறுவகை உறை என்று அமைந்துவிட்டால் செல்கள் ஒழுங்காகப் போய்ச் சேரும், எண்ணிக்கையும் ஏறும். பொதி மட்டும் மறுமுனைக்குப் புரியாது.

நான்காவது முடிவு வேகம். பணம் கைமாறும் இடமும் அதுதான். இந்தச் சுற்றுக்கு இவ்வளவு உச்ச வேகம், இவ்வளவு நீடித்த வேகம், இவ்வளவு நேரம்தான் உச்சத்தில் ஓடலாம் என்று நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் இருக்கும். வாசலில் நிற்கும் ஸ்விட்ச் அதை எண்ணிப் பார்க்கும். நம் ரூட்டர் அந்த அளவுக்குத் தன்னை அடக்கிக்கொண்டு அனுப்பாவிட்டால், மிகுந்த செல்களை ஸ்விட்ச் இரக்கமில்லாமல் வீசிவிடும். இதில் உள்ள கொடுமையைப் பாருங்கள். 1,500 பைட் நீளமுள்ள ஒரு பொதி 32 செல்களாகப் பிரிகிறது. ஸ்விட்ச் வீசியது ஒரே ஒரு செல் என்றாலும், மறுமுனையில் அந்தப் பொதியைச் சேர்க்க முடியாது. மற்ற 31 செல்களும் இழையில் இடம்பிடித்துக்கொண்டு வந்து குப்பைக்குப் போகின்றன. பொதி மறுபடி அனுப்பப்படும். மறுபடியும் 32 செல்கள். நூற்றுக்கு ஒரு செல் தொலைந்தால் நூற்றுக்கு ஒரு பொதி தொலையும் என்றா நினைக்கிறீர்கள்? ஏறத்தாழ நாலில் ஒரு பொதி போய்விடும்.

இவை அத்தனையும் சரியாக அமைத்த பிறகும் ஒரு பொறி மீதி இருக்கிறது. நடுவில் எங்கோ ஒரு ஸ்விட்சில் நம் வரி அழிந்துபோனால் நமக்கு எப்படித் தெரியும்? நம் இழை முதல் ஸ்விட்ச்வரை உயிரோடுதான் இருக்கிறது, விளக்குப் பச்சைதான், ரூட்டரும் இடைமுகம் நலம் என்று அறிக்கை தரும். அதை நம்பி இந்தப் பாதையிலேயே பொதிகளை அனுப்பிக்கொண்டிருக்கும். இதற்காகத்தான் ஓஏஎம் செல்கள் என்ற சோதனைச் செல்களை முனையிலிருந்து முனைக்கு அனுப்பி, அவை சுற்றித் திரும்பி வருகின்றனவா என்று பார்க்கும் ஏற்பாடு வந்தது. அதையும் இரு முனைகளும் ஏற்றுக்கொண்டு இயக்க வேண்டும். இந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப ஒரே குரல் ஒலிப்பதைக் கவனித்தீர்களா? எண்ணில் ஒப்புதல், உறையில் ஒப்புதல், வேகத்தில் ஒப்புதல், உடல்நலம் விசாரிப்பதில்கூட ஒப்புதல். ஒப்புதல் என்றால் இரண்டு மனிதர்கள். இரண்டு மனிதர்கள் என்றால் பெரும்பாலும் இரண்டு நிறுவனங்கள்.

இப்போது கணக்கைப் பெரிதாக்குவோம். கனடாவின் பத்து மாகாணத் தலைநகர்களிலும் தலைக்கு ஒரு ரூட்டர். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் நேரே பேச வேண்டும். எத்தனை சுற்றுகள்? 45. முனைகள் 90. பதினோராவதாக ஒட்டாவாவைச் சேர்க்கிறோம். புதிதாக ஒரு ரூட்டர்தானே என்று நினைப்போம். புதிய சுற்றுகள் பத்து. ஏற்கெனவே அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் பத்து ரூட்டர்களையும் திறந்து எழுத வேண்டும். இந்த வேலையை மனிதர் கையிலிருந்து எடுத்துவிடலாமே, தொலைபேசி எண்ணைச் சுழற்றினால் இணைப்பு வருவதுபோலச் சுற்றும் தானாக வரட்டுமே என்று கேட்பீர்கள். கேட்டார்கள், செய்தும் பார்த்தார்கள். அதற்குப் பெயர் எஸ்விசி, மாறும் மெய்நிகர் சுற்று. கேட்க எளிது. அதற்கு ஒவ்வொரு முனைக்கும் 20 பைட் நீளத்தில் ஓர் ஏடிஎம் முகவரி வேண்டும். அதில் 13 பைட் ஸ்விட்ச் சொல்லும், மிச்சத்தை முனை சேர்த்துக்கொள்ளும். அந்த முகவரிக்கும் ஐபி முகவரிக்கும் பொருத்தம் சொல்ல, 1994 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 1577இன்படி, ஒவ்வொரு தருக்க வலைத்துண்டுக்கும் ஒரு முகவரிச் சேவையகம் வேண்டும். அந்தச் சேவையகத்தின் 20 பைட் முகவரியை யார் ரூட்டரில் தட்டுவது? மறுபடியும் மனிதர்தான்! அதோடு, அறியாத முனைகள் தம் வலையமைப்புக்குள் நினைத்தபோது சுற்றுக் கேட்பதை அனுமதிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் தயங்கின. யாருக்கு எவ்வளவு விலை, யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு விடை இல்லை. பெரும்பாலோர் வாங்கியது நிலையான சுற்றான பிவிசியைத்தான்.

கனேடிய ஆய்வு வலையமைப்பின் கதை இங்கே நல்ல சான்று. கியூபெக்கின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ரிஸ்க் வலையமைப்பு 1989இல் தொடங்கியது. தொடக்கத்தில் அதை நடத்தியது இந்நகரின் கணினி ஆய்வு மையமான கிரிம். நாடு முழுவதையும் இணைக்கும் காநெட் 1990இல் வந்தது. 1993இல் கானரி அமைப்பு உருவானது. அடுத்த தலைமுறையான காநெட் 2ஐ, கானரி 1997இல் ஏடிஎம் மேல்தான் கட்டியது. அக்காலத்தில் அது இயல்பான முடிவு. ஒட்டாவாவின் புறநகர் கனாட்டாவில் டெரி மாத்யூஸ் 1986இல் தொடங்கிய நியூபிரிட்ஜ், உலகின் பெரும் ஏடிஎம் ஸ்விட்ச் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்திருந்தது; நோர்ட்டெல் பாஸ்போர்ட் என்ற பெயரில் தன் ஸ்விட்சுகளை விற்றுக்கொண்டிருந்தது. சொந்த மண்ணில் விளைந்த தொழில்நுட்பம், சொந்த மண்ணின் வலையமைப்பு. ஆனால் என்ன நடந்தது? அடுத்த ஆண்டே, 1998இல், காநெட் 3 தொடங்கப்பட்டபோது ஏடிஎம் அடுக்கு முழுவதுமாகக் கைவிடப்பட்டது. ரூட்டரிலிருந்து ஐபி பொதிகள் நேரே ஒளியிழையின் அலைநீளத்தில் ஏறின. ஒவ்வொரு பல்கலைக்கழகமும், ஒவ்வொரு மாகாண வலையமைப்பும் தன் ரூட்டரைத் தானே ஆளும் நாட்டில், நடுவே கண்ணுக்குத் தெரியாத இன்னோர் அடுக்கை, அதற்கென்று தனி எண்களோடும் தனி அட்டவணைகளோடும் பேணுவதில் யாருக்கு லாபம்? நியூபிரிட்ஜை 2000இல் பிரெஞ்சு நிறுவனமான அல்காட்டெல் வாங்கிக்கொண்டது.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். ‘நீங்கள் மனிதர், ஒப்புதல் என்று சுற்றி வளைக்கிறீர்கள். உண்மைக் காரணம் எளிது: செல் வரி. 53 பைட்டில் 5 பைட் தலைப்புக்கே போனால் நூற்றுக்கு 9க்கு மேல் வீண். ஓசி-3இன் 155.52 மெகாபிட்டில் சட்டகச் செலவு போக 149.76, செல் தலைப்பும் போக 135.63தான் மிச்சம். இவ்வளவு வரி கட்ட யார் ஒப்புவார்?’ கணக்கு சரி. முடிவு சரியா? அப்படியானால், அந்த வரியைக் கட்டிக்கொண்டே, அதைப்பற்றிக் கேள்விகூடப் படாமல், பத்தாண்டுக்கு மேல் ஏடிஎம்மைப் பயன்படுத்தியவர்கள் இருந்தார்களே, அவர்களை என்ன செய்வது? யார் அவர்கள்? நீங்கள்தான். இந்நகரின் பார்க் எக்ஸ்டென்ஷனிலோ கோட்-டே-நேஜிலோ தொலைபேசிக் கம்பியில் டிஎஸ்எல் இணையம் வைத்திருந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிவிசி இருந்தது. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் விபிஐ 0, விசிஐ 35 என்று இரண்டு எண்கள் கிடந்தன. பெல் கனடாவின் டிஎஸ்எல்லுக்கு அவைதான் எண்கள். தமிழ்நாட்டில் பிஎஸ்என்எல் இணைப்பு வைத்திருந்த உறவினர் வீட்டிலும் அதே 0/35. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஸ்ரீலங்கா டெலிகொம் இணைப்பென்றால் 8/35. லண்டனில் 0/38. ஏன் எல்லாமே முப்பதுகளில் சுற்றுகின்றன என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்; 31 வரை ஒதுக்கப்பட்டது அல்லவா. அந்த வீடுகள் கட்டிய வரி சிறியதா? 1,492 பைட் ஐபி பொதி ஒன்று எல்லா உறைகளையும் போர்த்திக்கொண்டு 32 செல்களில், அதாவது 1,696 பைட்டில், பயணம் செய்தது. மோடம் 5 மெகாபிட் என்று காட்டினால் கைக்கு வந்தது மிஞ்சிப்போனால் 4.4. ஆனாலும் ஓடியது. ஏன்? வீட்டுக்கு ஒரே சுற்று. அதன் ஒரு முனையான மோடத்துக்கு எண் என்ன என்று முடிவு செய்ததும், மறுமுனையில் தெருமுனைக் கருவியில் எண்ணை எழுதியதும், நடுவிலுள்ள ஸ்விட்சுகளை ஆண்டதும் ஒரே நிறுவனம். ஒரு முறை தட்டினார்கள், மறந்தார்கள். நினைவு யாருடைய பொறுப்பு என்பதில் அங்கே குழப்பமே இல்லை.

இன்னும் ஒரு சான்று அதே இடத்திலேயே இருக்கிறது. பெல்லின் கம்பிகள் வழியே சிறிய இணைய நிறுவனங்களும் வாடிக்கையாளருக்குச் சேவை கொடுத்தன. இரண்டாவது நிறுவனம் ஒன்று உள்ளே வந்துவிட்டது. இனி வாடிக்கையாளரின் சுற்றை அந்த நிறுவனம்வரை இழுத்துக்கொண்டு போக வேண்டாமா? ஏட்டளவில் ஏடிஎம் அதற்குத்தானே பிறந்தது? செய்யவில்லை. வீட்டுச் சுற்று 0/35ஆகவே இருந்தது. பயனர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே வரும்போது, பெயருக்குப் பின்னாலுள்ள நிறுவன அடையாளத்தைப் பார்த்துப் பொதிகளை உரிய நிறுவனத்துக்குத் திருப்பினார்கள். ஒரு வீடு ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் எந்த ஸ்விட்சிலும் ஒரு வரியும் மாற வேண்டியதில்லை. மோடத்தில் பெயரை மாற்றினால் போதும். இரண்டாவது ஆட்சியாளர் வந்தவுடனே பொறியாளர்கள் சுற்றைத் தொடாமல் அதன் மேலே ஏறி நின்று வேலை பார்த்தார்கள் என்பதைவிட என் வாதத்துக்குத் தெளிவான சாட்சி வேண்டுமா?

அடுத்த மறுப்பு வலுவானது. அதைப் பாதி ஏற்கிறேன். ‘ஈதர்நெட் மலிவாகிவிட்டது, ஏடிஎம் அட்டை விலை இறங்கவில்லை. அதோடு விநாடிக்கு இரண்டரை கிகாபிட் வேகம் வந்தபோது, பொதிகளைச் செல்களாக நறுக்கிக் கோக்கும் சில்லுகளால் ஈடுகொடுக்க முடியவில்லை’ என்பார்கள். அலுவலகக் கட்டடங்களுக்குள் விலைதான் தீர்ப்புச் சொன்னது, மறுக்கவில்லை. நாடு நெடுக ஓடும் தண்டுவட வலையமைப்பில் அந்தச் சில்லுகளின் களைப்பும் உண்மை. ஆனால் விலையும் சில்லும்தான் முழுக் காரணம் என்றால், செல்லோடு சேர்ந்து சுற்றும் செத்திருக்க வேண்டும். செத்ததா? செல் போனது, சுற்று போகவில்லை. 2001 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 3031 எம்பிஎல்எஸ் என்ற முறையை வகுத்தது. அதிலும் பொதியின் நெற்றியில் 20 பிட் நீளத்தில் ஓர் எண்; அந்த எண்ணுக்கும் அடுத்த கருவிவரைதான் பொருள்; ஒவ்வொரு கருவியும் பழைய எண்ணை நீக்கிப் புதியதை எழுதி அனுப்புகிறது. விபிஐ, விசிஐ செய்த அதே வேலை. தொடக்கத்தில் பல ஏடிஎம் ஸ்விட்சுகள் தம் விபிஐ, விசிஐ இடத்தையே இந்த எண்ணுக்குக் கொடுத்து எம்பிஎல்எஸ் பேசின. வித்தியாசம் எங்கே? எண்ணை மனிதர் தட்டுவதில்லை. ஐபி பாதைகளைக் கண்டுபிடிக்கும் அதே நெறிமுறையின் முடிவைப் பார்த்து, ரூட்டர்கள் தமக்குள் எண்களைப் பகிர்ந்துகொள்கின்றன. பத்து ரூட்டருக்கு 45 சுற்றுகளை யாரும் எழுத வேண்டாம். பதினோராவது வந்தால் மற்றவை தாமே அறிந்துகொள்ளும். தண்டுவடம் முழுவதும் ஒரே நிறுவனத்தின் ஆட்சியில் இருக்கும் இடத்தில்தான் எம்பிஎல்எஸ் செழிக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நிறுவன எல்லையைத் தாண்டும்போது அதுவும் தயங்குகிறது.

‘சரி ஐயா, இதெல்லாம் பழைய கதை, வீட்டு மோடங்கள் குப்பைக்குப் போய்விட்டன, ஒளியிழை வந்துவிட்டது, படிக்கும் பிள்ளைக்கு இது எதற்கு’ என்று பின்வரிசையில் யாரேனும் நினைக்கலாம். ஒளியிழை வந்த வீட்டில் பாருங்கள்: பெல்லின் இணையம், ஒரே கம்பியைப் பல தனி வலைகளாகப் பிரிக்கும் விலேன் எண்களில் 35இல் வருகிறது, தொலைக்காட்சி 36இல். எண் கூட மாறவில்லை! அதையும் விடுங்கள். 2016 டிசம்பரில் அமேசான் தன் மேகக் கணினித் தொகுதியை மொன்றியலில் திறந்தது. ஒரு வங்கியோ மருத்துவமனையோ பொது இணையத்தைத் தவிர்த்து அதோடு நேரே இணைய விரும்பினால், கம்பி பொருத்திய பிறகு மெய்நிகர் இடைமுகம் ஒன்றை உருவாக்க வேண்டும். உலாவியில் ஒரு படிவம் திறக்கும். விலேன் எண் என்ன? இரு முனைகளின் ஐபி முகவரி என்ன? வலையமைப்பை அடையாளம் காட்டும் தன்னாட்சி எண் என்ன? இருவரும் பகிரும் திறவுச்சொல் என்ன? நடுவில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் கம்பியைக் கொடுத்திருந்தால் அதுவும் தன் கருவியில் அதே எண்ணை எழுதியிருக்க வேண்டும். மூன்று நிறுவனங்கள், மூன்று மேசைகள், மூன்று பேர் தட்டும் எண்கள். ஒருவர் மாற்றித் தட்டினால் இரண்டு முனைகளிலும் விளக்குப் பச்சை, போக்குவரத்து மட்டும் இல்லை. பழைய ஏடிஎம் மனிதரை அழைத்து வந்து அந்தப் படிவத்துக்கு முன் உட்காரவைத்தால், பயிற்சி இல்லாமலே நிரப்பிவிடுவார். முதல் வேலையாக, நடுவில் அறுந்தால் எப்படித் தெரியும் என்றும் கேட்பார். ஓஏஎம் செல்லின் இடத்தில் இன்று பிஎஃப்டி என்ற நெறிமுறை இருக்கிறது. இரு ரூட்டர்களும் விநாடிக்குச் சில முறை ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். அமேசான் தன் பக்கத்தில் அதைத் தானாகவே இயக்கிவைத்திருக்கிறது. வாடிக்கையாளர் தன் ரூட்டரிலும் அதை எழுதும்வரை அது வேலை செய்யாது.